அப்பாயியின் சுருக்குப்பையில் ஐந்து வில்லை: எதை விற்கலாம், எதை விடக்கூடாது?

இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சுருக்கித் தருகிறேன்.

"அண்ணே, அப்பாயி போன மாதம் தவறிவிட்டார். லயத்து வீட்டை ஒதுக்கும்போது டிரங்குப் பெட்டிக்கு அடியில் ஒரு சுருக்குப்பை கிடைத்தது, அதற்குள் ஐந்து வில்லைகள். ஒன்று செம்பு, விளிம்புக்குக் கிட்ட ஓட்டை, 'மில்ஸ்', 'கொழும்பு' என்று இங்கிலீஷ் எழுத்து தெரிகிறது. ஒன்று தகரம், எழுத்தையும் நம்பரையும் துளைத்தே போட்டிருக்கிறார்கள். ஒன்று ராஜா தலை போட்ட மெடல், எட்டாம் எட்வர்ட், 1937 மே 12 என்று இருக்கிறது. ஒன்று கனமான வெள்ளை மெடல், உடுப்பில்லாத ஒருவர் குதிரைமேல் இருக்கிறார், 1914, 1918 என்று போட்டிருக்கிறது. கடைசியாக ராமர் பட்டாபிஷேகம் போட்ட காசு ஒன்று, மறுபக்கம் ஈஸ்ட் இந்தியா கம்பனி, 1818. ஹட்டனில் பழைய சாமான் வாங்கும் ஒருவர் ஐந்துக்கும் சேர்த்து 15,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். ராமர் காசின் படத்தைப் பேஸ்புக்கில் போட்ட அன்றே வேறொருவர் போன் எடுத்து, அது அரிசியை இழுத்தால் 25 இலட்சம் தருகிறேன், ஆனால் பரிசோதிக்க முதலில் 40,000 கட்ட வேண்டும் என்கிறார். எட்வர்ட் மெடலும் அபூர்வம் என்று இணையத்தில் போட்டிருக்கிறது. இத்தோடு படங்கள் அனுப்பியிருக்கிறேன், எல்லாவற்றையும் பிராசோ போட்டு மினுக்கிவிட்டு இன்னும் நல்லதாகப் படம் எடுத்து அனுப்பட்டுமா?"

தம்பி, அந்த 40,000 ரூபாயை யாருக்கும் கட்டாதீர்கள், பிராசோவையும் தொடாதீர்கள். மற்றதெல்லாம் ஆறுதலாகப் பேசலாம்.

ராமர் காசை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் உங்கள் கைக்காசு போகப் பார்க்கிறது. கிழக்கிந்தியக் கம்பனி ராமர் பட்டாபிஷேகம், அனுமார் என்று படம் போட்டு இப்படிக் காசு அடித்ததே இல்லை. 1616, 1717, 1818, 1839 என்று விதவிதமான ஆண்டுகளோடு இந்தியச் சந்தைகளில் மலிந்து கிடக்கும் இந்த வில்லைகள் எல்லாம் பிற்காலத்தில் வியாபாரத்துக்காக அச்சடித்தவை. கோயில்களுக்குப் போகிறவர்கள் வாங்கி வந்து பூஜை அறையில் வைத்த ராமடங்கா என்ற பழைய வில்லைகள் உண்மையிலேயே உண்டு, ஆனால் அவற்றில் கம்பனியின் பெயர் இருக்காது. 1818இல் இலங்கையில் புழங்கியது றிக்ஸ் டொலரும் 'பணம்' என்ற சில்லறைக் காசும்தான், கம்பனியின் கை 1802லேயே இந்தத் தீவை விட்டுப் போய்விட்டது. அரிசியை இழுக்கிறது, இரிடியம் இருக்கிறது என்பதெல்லாம் காந்தத்தையும் இரும்புத்தூள் பூசிய அரிசியையும் வைத்துக் காட்டும் வித்தை, தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இதை நம்பி வீடு வாசலை இழந்தவர்கள் இருக்கிறார்கள். "பரிசோதனைக் கட்டணம்" என்ற சொல்லைக் கேட்டவுடனே போனை வையுங்கள். வில்லையை அப்பாயி கும்பிட்டிருந்தால் நீங்களும் சாமி தட்டிலே வைத்துக் கும்பிடுங்கள், அதற்கு அது நன்றாகவே பொருந்தும்.

அடுத்தது எட்வர்ட். இணையத்தில் சொல்லும் கதையில் பாதி உண்மை, அதனால்தான் ஆள் ஏமாறுகிறது. எட்டாம் எட்வர்டுக்கு 1937 மே 12இல் முடிசூட்டு விழா நடக்க இருந்தது, அவர் 1936 டிசம்பரிலேயே முடியைத் துறந்துவிட்டார், குறித்திருந்த அதே மே 12இல் தம்பி ஆறாம் ஜோர்ஜுக்கு முடிசூட்டினார்கள். அவர் தலை போட்ட பிரித்தானிய நாணயங்கள் புழக்கத்துக்கு வரவே இல்லை, வெள்ளோட்டமாக அடித்த ஒன்றிரண்டு ஏலத்துக்கு வந்தால் பெரிய பணக்காரர்கள்தான் கை தூக்குவார்கள். இதுவரை சரி. ஆனால் நினைவு மெடல் வேறு விஷயம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் கடையில் விற்கவும் தனியார் கம்பனிகள் விழாவுக்குப் பல மாதங்களுக்கு முன்பே மெடல்களையும் கோப்பைகளையும் அடித்துக் குவித்துவிட்டார்கள், அவர் விலகிய பிறகு அதெல்லாம் தீயிலா போட்டார்கள்? வந்த விலைக்கு விற்றார்கள். ஆகவே முடிசூடாத ராஜாவின் மெடல் ஏராளமாகக் கிடைக்கிறது. 1911, 1935, 1937 என்று பள்ளிக்கூடங்களில் கொடுத்த பித்தளை, வெள்ளீய மெடல்கள் பெரும்பாலும் எல்லாமே இந்த ரகம்தான். வெள்ளியில் அடித்ததாகவோ, இலங்கையின் ஒரு நகரத்தின் அல்லது பள்ளிக்கூடத்தின் பெயர் பொறித்ததாகவோ இருந்தால் கதை கொஞ்சம் மாறும். உங்கள் படத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. பேரப்பிள்ளைக்கு விளையாடக் கொடுத்தால்கூட நான் கோபிக்க மாட்டேன்.

குதிரைமேல் இருப்பவர் புனித ஜோர்ஜ். முதலாம் உலகப் போரில் பணியாற்றியவர்களுக்குக் கொடுத்த பிரித்தானியப் போர் மெடல் அது, முன்பக்கம் ஐந்தாம் ஜோர்ஜ், பின்பக்கம் குதிரையின் காலடியில் கழுகுக் கேடயமும் மண்டையோடும் இருக்கும். பெரும்பாலானவை ஸ்டேர்லிங் வெள்ளி, அதாவது ஆயிரத்துக்கு 925 பங்கு. தொழிற்படைகளில் சேர்ந்த இந்தியர், சீனர், மால்டாக்காரர் போன்றவர்களுக்கு வெண்கலத்திலும் கொடுத்தார்கள், உங்களுடையது வெள்ளை என்பதால் வெள்ளியாகத்தான் இருக்க வேண்டும். அதை வீட்டிலேயே உறுதி செய்யலாம். தங்கம் நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்குங்கள். முதலில் மெடலை அப்படியே நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு சிறிய பிளாஸ்டிக் கோப்பையில் தண்ணீர் வைத்து, அதைத் தராசில் ஏற்றி, எண்ணைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். இனி மெடலை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் தண்ணீருக்குள் முழுசாக அமிழும்படி தொங்கவிடுங்கள், நூலைக் கையிலேயே பிடித்திருக்க வேண்டும். தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுத்தால் அடர்த்தி வரும். ஸ்டேர்லிங் வெள்ளி என்றால் 10.3க்குக் கிட்ட, செம்பும் வெள்ளைச் செம்பு நிக்கலும் 8.9, வெள்ளீயம் ஏழு சொச்சம். 1957இல் புத்த ஜயந்திக்கு வந்த ஐந்து ரூபாய் வெள்ளிக் காசை வைத்துப் பழகிப் பார்க்கலாம், 28.28 கிராம் எடை, இதே 925 வெள்ளி, தண்ணீரில் 2.7 கிராம் காட்டும். மலையகத்தில் பல வீடுகளில் அந்தக் காசு இன்னும் கிடக்கிறது. ஆனால் இந்தச் சோதனையைத் தகர வில்லைக்குச் செய்துவிடாதீர்கள், தண்ணீர் பட்டால் துரு ஏறிவிடும்.

வெள்ளியின் விலை ஆகக் குறைந்த எல்லை மட்டும்தான். மெடல் 30 கிராம் என்று வையுங்கள், 0.925ஆல் பெருக்கினால் 27.75 கிராம் சுத்த வெள்ளி, அதை அன்றைய கிராம் விலையால் பெருக்கினால் உருக்குகிற ஆள்கூடக் கொடுக்க வேண்டிய தொகை வந்துவிடும், அதற்குக் கீழே யார் கேட்டாலும் பேச்சை நிறுத்துங்கள். அதற்கு மேலே உள்ள விலை முழுக்க விளிம்பில் இருக்கிறது. இந்த மெடலின் விளிம்பைச் சுற்றிப் பொடி எழுத்தில் வீரரின் இலக்கம், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பதித்திருப்பார்கள். நீங்கள் முன்னும் பின்னும் எடுத்த படங்கள் அழகாகத்தான் இருக்கின்றன, விளிம்பை மட்டும் எடுக்கவில்லை. 1900இல் தொடங்கிய இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை என்று ஒன்று இருந்தது, கண்டியில்தான் தலைமையகம், 1914இல் அதிலிருந்து ஒரு குழு கப்பலேறி எகிப்துக்குப் போனது, அங்கிருந்து சிலர் கலிபோலி வரைக்கும் போனார்கள். உங்கள் பூட்டன் துரை பங்களாவில் அப்புவாக, அதாவது வீட்டு வேலையாளாக, இருந்தவர் என்று கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், அதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. துரை சீமைக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனதாக இருக்கலாம். பெயரும் படைப்பிரிவும் இலங்கைத் துரைமாரோடு ஒத்துப்போனால் இது வெறும் வெள்ளி இல்லை, தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் விளிம்பை விரலால் தடவும்போது ஒரு இடம் மட்டும் மெலிந்து வழுவழுப்பாக இருந்தால், யாரோ பெயரை அரத்தால் சுரண்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம், விலை மறுபடி வெள்ளிக்கே இறங்கிவிடும்.

சரி, செம்புக்கு வருவோம். "கொழுந்து எடுத்ததுக்குக் கொடுத்த காசு" என்று வீட்டில் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். ஓட்டை போட்ட பழைய வில்லை எதைப் பார்த்தாலும் நம் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள், ஆனால் இங்கே தேயிலைத் தோட்டத்தில் பேர் விழுவது செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில், வில்லையில் இல்லை. தோட்டத்தின் பெயர் பொறித்த தேயிலை வில்லைகள் என்று இணையத்தில் விற்கிறார்களே, அவற்றில் மிகப் பெரும்பாலானவை அசாம், சில்ஹெட் பக்கத்தவை, கல்கத்தா நாணயசாலையிலும் பர்மிங்ஹாமில் ஹீட்டன் ஆலையிலும் அடித்தவை. இலங்கை வில்லை என்றால் அது கோப்பி. மலையிலிருந்து மாட்டு வண்டியிலும், 1867இல் கண்டிக்கு ரயில் வந்த பிறகு ரயிலிலும், தோலோடு கொழும்புக்குப் போன கோப்பிக் கொட்டையை அங்கே ஆலைகளில் காயவைத்து, தோல் நீக்கி, பெண்கள் உட்கார்ந்து பொறுக்கித் தரம் பிரித்தார்கள். அந்த வேலைக்கு ஆலைக் கம்பனிகள் தங்கள் பெயரோடு செம்பு வில்லை கொடுத்தன, பிறகு அதைக் கொடுத்துக் காசு வாங்கிக்கொள்ளலாம். ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கம்பனியின் வேகந்த மில்ஸ் வில்லை சேகரிப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. ஹல்ப்ஸ்டோர்ப் மில்ஸ் என்றும் வரும். உங்களுடையதில் 'மில்ஸ்' என்பதற்கு முன்னால் இருக்கும் சொல்தான் தேய்ந்திருக்கிறது, அதைப் படிக்காமல் விலை சொல்வது குறி பார்க்கிற வேலை.

படிப்பதற்கு வழி உண்டு. இருட்டிய பிறகு வில்லையை மேசையில் படுக்க வைத்து, போன் டோர்ச்சை மேசையோடு மேசையாகத் தாழ்த்திப் பக்கவாட்டிலிருந்து அடியுங்கள், வில்லையை மெல்லச் சுற்றுங்கள். நேரே வெளிச்சம் அடித்தால் தெரியாத எழுத்து ஏதோ ஒரு கோணத்தில் நிழலோடு எழும்பி நிற்கும், அந்த நொடியில் படம் எடுங்கள். தொகை ஏதாவது தெரிகிறதா என்றும் பாருங்கள். பெனி கணக்கில் இருந்தால் 1872க்கு முந்தியது, அந்த ஆண்டில்தான் ரூபாய் சதம் வந்தது, சதத்தில் இருந்தால் அதற்குப் பிந்தியது. பெரும்பாலும் 1880களைத் தாண்டிப் போகாது, ஏனென்றால் 1869இல் கண்ட இலைத்துரு நோய் கோப்பியையே முடித்துவிட்டது. ஓட்டையையும் கவனியுங்கள். அது எழுத்தை வெட்டிக்கொண்டு, ஒரு பக்கம் பிசிறோடு இருப்பதாகத்தான் படத்தில் படுகிறது, அப்படியென்றால் பிறகு யாரோ ஆணியால் குத்தியது, பிள்ளைக்கு அரைஞாணில் கோர்த்துக் கட்ட அந்தக் காலத்தில் சாதாரணமாகச் செய்தது. சேகரிப்பவர் அதற்கு விலையைக் குறைப்பார், நிறையவே குறைப்பார். குறைத்தாலும், ஆலையின் பெயர் அபூர்வமானதாக இருந்தால் ஹட்டன்காரர் ஐந்துக்கும் சேர்த்துச் சொன்ன தொகையை இது ஒன்றே எட்டிப் பிடிக்கலாம். அவர் அந்தச் செம்பையும் வெள்ளியையும் குறிவைத்துத்தான் மொத்தமாகக் கேட்கிறார் என்று எனக்குப் படுகிறது. அவரைக் குறை சொல்லவில்லை, வியாபாரி லாபம் பார்க்காமல் எப்படி வாங்குவார், ஆனால் நீங்கள் மொத்தமாகக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இனித் தகரம். கடிதத்தில் நீங்கள் ஒரே ஒரு வரியில் எழுதிவிட்டுப் போனது இது, நானோ படத்தைத் திறந்ததும் இதைத்தான் பெருசாக்கிப் பார்த்தேன். 1901 அளவில் அரசாங்கம் கொண்டுவந்த தகர டிக்கெட் முறையின் வில்லை மாதிரித் தெரிகிறது. இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு ஆள் கூட்டி வரும்போது ஒவ்வொருவர் கழுத்திலும் இப்படி ஒரு வில்லையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்கள், துளைத்த எழுத்தும் இலக்கமும் எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்பதைக் காட்டும். எழுத வாசிக்கத் தெரியாத மனிதர் வழியில் யாரிடமும் எதுவும் சொல்லத் தேவையில்லை, தகரத்தைப் பார்த்து அதிகாரிகள் ஏற்றி இறக்கி அனுப்புவார்கள், வழிச் செலவு தோட்டத்துக் கணக்கில் போகும், அங்கிருந்து பெரும்பாலும் அந்த ஆளின் கடன் கணக்குக்கே வந்து சேரும். வந்தவர்களை நோய்ப் பரிசோதனைக்காகத் தடுத்து வைத்த ராகமை முகாம், பிறகு மண்டபம் முகாம், 1914க்குப் பிறகு தலைமன்னார் வழி, எல்லாம் இந்தக் காலத்துக்குள் வருகிறது. 1939இல் இந்தியா தொழிலாளர் வருகையைத் தடை செய்துவிட்டது, ஆகவே இது அதற்குப் பிந்தியதாக இருக்காது.

இலக்கம் துருவில் அடைத்திருந்தால் ஊசியால் குத்தித் துப்புரவாக்க வேண்டாம். மெல்லிய வெள்ளைத் தாளை மேலே வைத்து, கூரில்லாத பென்சிலைச் சரித்துப் பிடித்து லேசாகத் தேயுங்கள், துளையின் உருவம் தாளில் விழும். அந்த எழுத்தையும் எண்ணையும் பழைய பெர்குசன் டிரெக்டரி போன்ற தோட்டப் பட்டியல்களோடும், அப்பாயி சொல்லிக்கொண்டிருந்த முதல் தோட்டத்தின் பெயரோடும் வைத்துப் பார்க்க வேண்டும். அப்புறம் வீட்டில் இருக்கிற மூத்தவர் யாராக இருந்தாலும், அத்தையோ சின்னத் தாத்தாவோ, இன்றைக்கே போய் உட்கார்ந்து கேளுங்கள்: பூட்டன் எந்த ஊர், எந்தக் கங்காணியோடு வந்தார், முதலில் எந்த மலையில் பேர் போட்டார்கள். போனில் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள். மெடல் வாங்குகிறவர்கள் பொருள் யாரிடமிருந்து வந்தது என்ற சரித்திரத்துக்குக் காசு கொடுக்கிறார்கள் என்பது ஒரு பக்கம். மறுபக்கம், 1948இல் குடியுரிமை பறிபோன பிறகு ஒரு துண்டுக் காகிதத்துக்காகக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கிய சனம் நாம், இந்தத் தகரம் அந்தக் காகிதங்களுக்கெல்லாம் முந்தியது.

விலை? இதற்கென்று நிலையான சந்தை இல்லை. தகரம் துருப்பிடித்துப் போகும், கழுத்தில் மாட்டிய அவமானத்தை யாரும் ஆசையாக எடுத்து வைக்கவும் இல்லை, அதனால் மிஞ்சியது கொஞ்சம், கேட்கிறவர்களும் கொஞ்சம். நானாக இருந்தால் இதை விற்க மாட்டேன். வீட்டில் வைத்துக் காப்பாற்ற முடியாது என்று பட்டால், கம்பளைக்குக் கிட்டப் பழைய லயத்திலேயே அமைத்திருக்கும் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்தில் பேசிப் பாருங்கள், கொடுக்கும்போது குடும்பப் பெயரோடு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மினுக்கும் விஷயத்தில் ஏன் இவ்வளவு கறாராகச் சொன்னேன் என்றால், பிராசோவும் புளியும் சாம்பலும் அழுக்கை மட்டும் எடுப்பதில்லை, மேடாக இருக்கும் எழுத்தின் தோலையும் சேர்த்து எடுக்கின்றன. குத்துவிளக்குக்கு அது சரி. செம்பில் நூறு வருடமாகப் படிந்த அந்த மண்ணிறத்தைத்தான் சேகரிப்பவர் பார்க்கிறார், தேய்த்த கீறலைப் பூதக்கண்ணாடியில் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். மண் ஒட்டியிருந்தால் செம்பையும் வெள்ளியையும் மட்டும் கொதித்தாறிய தண்ணீரில் நனைத்து, துடைக்காமல் துணியால் ஒற்றி எடுங்கள். மடக்கினால் ஒரு மாதிரி வாசம் வருகிற பிளாஸ்டிக் உறைகளில் போட வேண்டாம், நம் பக்கத்து ஈரத்துக்கு அதற்குள்ளே பச்சை பூக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனிக் கடித உறையில் போட்டு, சப்பாத்துப் பெட்டியில் வருகிற அந்த ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு டின்னில் வையுங்கள், தகரத்துக்கு இரண்டு பொட்டலம்.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. தொல்பொருள் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்திய பொருளைத்தான் பொதுவாகத் தொல்பொருளாகக் கணக்கெடுக்கிறது, உங்கள் பையில் அப்படி எதுவும் இல்லை, நிம்மதியாக இருங்கள். ஆனாலும் வெளிநாட்டில் இருந்து வாங்குகிறவர் வந்தால் தபாலில் போடுவதற்கு முன் தொல்பொருள் திணைக்களத்தில் கேட்டுவிடுங்கள். அப்புறம், "பாட்டி வீட்டில் இது இருந்தால் பக்கத்து மண்ணில் இன்னும் இருக்கும்" என்று டிடெக்டரோடு யாராவது வந்தால் சேர்ந்து போகாதீர்கள், புதையல் தோண்டிய வழக்கில் மாட்டினால் பிணை எடுப்பதே பெரும்பாடு.

ஹட்டன்காரரிடம், படம் கண்டிக்கு அனுப்பியிருக்கிறேன், பதில் வரட்டும் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். பொருளைப் பற்றுச்சீட்டு இல்லாமல் யார் கையிலும் "பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்று விட வேண்டாம். இணையத்தில் விலை பார்ப்பதென்றால் கேட்கிற விலையைப் பார்க்காதீர்கள், எவனும் எதையும் கேட்கலாம், விற்று முடிந்த விலையை மட்டும் பாருங்கள். எனக்கு வேண்டியது மூன்று படம்: செம்பில் 'மில்ஸ்' என்பதற்கு முந்திய சொல், பக்கவாட்டு வெளிச்சத்தில், தகரத்தின் பென்சில் தாள், வெள்ளி மெடலின் விளிம்பு, சுற்றி வர நாலு துண்டாக, பக்கத்தில் ஒரு அடிமட்டத்தோடு. எடையையும் எழுதுங்கள். செம்புக்கும் வெள்ளிக்கும் எவ்வளவுக்குக் கீழே இறங்கக்கூடாது என்பதைத் தனித்தனியாக அப்போது சொல்கிறேன்.